லும்பூர் ராஜாவும் என் மகளும்

12 ஆகஸ்டு 1931, புதன். பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்.

இன்று என் மகள் ராசாத்தியைப் பள்ளியில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். ஏற வேண்டியவன் நான். கோலாலம்பூருக்கு ஏன் அந்தப் பெயர் என்று போன வாரம் கேட்டாள். லும்பூர் என்று ஒரு ராஜா யானை மேல் வந்து இந்த ஊரைக் கட்டினார் என்று அளந்துவிட்டேன். அதை அப்படியே வகுப்பில் சொல்லியிருக்கிறாள். "யாரு சொன்னா?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நானே கதை கட்டிச் சொன்னேன்" என்றாளாம். பக்கத்து வீட்டு மீனாட்சிதான் வந்து சொன்னாள்: "மாமா, ஆறுங்க சேர்ற சேத்து இடம்னுதான் அர்த்தமாம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க."

பன்னிரண்டு வருஷமாய் தினமும் ரயில் பாதை வேலை முடிந்து வந்து அந்தச் சேற்றைத்தான் காலில் தேய்த்துக் கழுவுகிறேன். கூட வேலை செய்யும் மலாய்க்காரன் அகமதுவைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் சொல்லியிருப்பான்.

சாப்பிடும்போது ராசாத்தி ராஜாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. "அப்பா, நாளைக்குக் கிள்ளான் ஊருக்கு ஏன் அந்தப் பேருன்னு கேப்பாங்களாம். உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்குள் தலைக்குள் இன்னொரு யானை கிளம்பிவிட்டது. "தூக்கம் வருதும்மா, காலையில சொல்றேன்" என்றேன்.

அவள் தூங்கிவிட்டாள். தூக்கம் வருகிறது என்று சொன்ன நான்தான் இன்னும் விளக்கடியில் உட்கார்ந்திருக்கிறேன்.