கடைமேசையை அறுத்த விவகாரம்

யூட்டிக்கா, நியூயார்க் மாநிலம்
அக்டோபர் 1955

அன்புள்ள அசுந்தாவுக்கு,

நான் ஆஸ்பத்திரியில் குடலிறக்க ஆபரேஷனுக்காக மயக்க மருந்தில் கிடந்தபோது, நம் மகன் நுன்சியோ, நின்று எடை போட்டு விற்கும் என் கடைமேசையை ரம்பத்தால் அறுத்துக் கொல்லையில் தள்ளினான். நான் வீடு திரும்பி வாசலில் திகைத்து நின்றபோது, நீ அந்த வெற்றிடத்தைப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு, காத்தோட்டமா" என்றாய். இரண்டும் குற்றம். இரண்டாவதுதான் பெரிது.

பேரக்குழந்தைக்குச் சளி விட்டதா? மகள் லொரெத்தாவின் புருஷன் இன்னும் டப்பாவில் அடைத்த தக்காளிச் சாறைத்தான் மக்ரோனி மேல் ஊற்றிச் சாப்பிடுகிறாரா? நீ ஒன்றும் சொல்லாதே. அவருக்கு நான் தனியாக எழுதிக்கொள்கிறேன்.

"அப்பனும் மகனும் பேசிக்கிட்டாத்தான் நான் இந்த வீட்டுக்குத் திரும்புவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளீவ்லாந்து ரயிலேறினாய். அதற்குப் பின் நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடம் போகாதவன். மீன் சுற்றி வந்த செய்தித்தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஆனாலும் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டேன்.

நீ போன அன்றே நான் மாடிக்குப் போனேன். கடைக்கு இறங்குவதில்லை என்று முடிவு. வெறுங்கையோடு போகவில்லை. கடைக் கூரையில் தொங்கிய பாலாடைக்கட்டிகளையும் சலாமி இறைச்சிகளையும் கழற்றி எடுத்துக்கொண்டேன். அவை நான் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து வாங்கியவை. கட்டில் சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பெரிய பாலாடைக்கட்டியை நீ படுக்கும் பக்கம் வைத்தேன். அங்கேதான் குளிர்ச்சி.

மறுநாள் ஜன்னலைத் திறந்து, கயிற்றில் கூடை கட்டி இறக்கினேன். நம் பக்கத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கப்பலேறுமுன் ஊரில் மாடியிலிருந்து கூடை இறக்கி, கீழே நிற்கும் காய்கறிக்காரனிடம் வாங்கியவர்கள்தானே. பெத்ரில்லோ வீட்டுக் கிழவி மட்டும் தெருவில் நின்று கத்தினாள்: "ஏண்டா தொனாத்தோ, ஊர்ல நான் மேல, காய்காரன் கீழ. இங்க நீ மேல, நான் கீழ. அமெரிக்கா வந்து இதுதான் முன்னேற்றமா?"

வியாபாரம் நன்றாகவே நடந்தது. போலீஸ்காரன் ஒருவன் வந்து, நடைபாதைக்கு மேலே கூடை தொங்கக் கூடாது என்றான். ஒரு துண்டு சலாமி இறக்கினேன். தின்றுவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பவன் போல வானத்தைப் பார்த்துக்கொண்டே போனான்.

ஒரு மத்தியானம் இழுத்த கூடையில் ஒரு கிண்ணம் வந்தது. பயறும் மக்ரோனியும் போட்ட சூப், மேலே ஒரு தட்டு மூடி. நுன்சியோ வைத்தது. உப்புக் குறைவு. தின்றேன். கிண்ணத்தைக் கழுவாமல் திருப்பி இறக்கினேன், சமாதானம் என்று அவன் நினைத்துவிடக் கூடாது பார்.

சனிக்கிழமை காலை கீழே ஒரே கூச்சல். வருகிறவர்களே சாமானை எடுத்துப் போட்டுத் தள்ளட்டும் என்று நுன்சியோ வாங்கி வைத்திருக்கிறானே சக்கர வண்டிகள், அவை நகர முடியவில்லை. கிழவிகள் எல்லோரும் என் மேசை இருந்த இடத்துக்கு எதிரே வரிசையாக நிற்கிறார்கள். மேசையே இல்லை, வரிசை மட்டும் இருக்கிறது! நான் மாடிப்படியின் மேல் முனையில் நின்று கேட்டேன். இறங்கவில்லை.

"எதுக்கு நிக்கிறீங்க? வேணுங்கிறத நீங்களே எடுத்து வண்டியில போட்டுக்கலாம்" என்று நுன்சியோ கெஞ்சினான்.

"நானே எடுத்துக்கிட்டா, இது நேத்து வந்ததா போன வாரம் வந்ததான்னு யாரோட சண்டை போடுறது? இந்த வண்டியோடவா?" என்றாள் பெத்ரில்லோக் கிழவி. "என் வீட்டுக்காரர் கால் வீங்கியிருக்கு. அத யார்கிட்ட சொல்றது? உங்கப்பன எறக்கு."

அவன் படியடிக்கு வந்தான். முகமெல்லாம் வியர்வை. "பா! இவங்க யாரும் நகர மாட்டேங்கிறாங்க!"

"யாரது, பேசுறது?" என்றேன்.

"உங்க மகன்தான்."

"எனக்கு ஒரு மேசை இருந்துச்சு. மகன் இருந்த ஞாபகம் இல்ல."

"ஆஸ்பத்திரியில உங்கள அந்தக் கோலத்துல பாத்தேன்பா. இனிமே நாள் பூரா நின்னு எடை போட வேணாம்னுதான் செஞ்சேன்" என்றான். இதை அவன் கத்திச் சொல்லவில்லை. அதனால் பதில் சொல்வது கஷ்டமாகிவிட்டது. வரிசையில் இருந்த பெண்கள் வேறு மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்கள்.

நான் பாதிப் படிவரை இறங்கினேன். அதை இறங்கியதாகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். "முழு மேசையும் வரணும்" என்றேன். கொல்லையில் தள்ளியபோது மேசை மேலிருந்த பளிங்குக் கல் இரண்டாகப் போய்விட்டதாம், ஒரு பாதிதான் தேறும் என்றான். "பாதிக் கல்லுல பாதி மனுஷன்தான் நிக்க முடியும்" என்றேன். "நீ இப்ப பாதி மனுஷன்தாண்டா, வயித்தத் தச்சிருக்காங்க. வாங்கிக்க" என்று பெத்ரில்லோக் கிழவி தீர்ப்புச் சொன்னாள்.

அசுந்தா, நாங்கள் பேசிவிட்டோம். கத்தியதும் பேச்சுதான். எப்படிப் பேச வேண்டும் என்று நீ சொல்லிவிட்டுப் போகவில்லை.

இனி நடக்க வேண்டியது இது. பாதிக் கல்லை வைத்து நுன்சியோ வரும் வெள்ளிக்குள் மேசை கட்டித் தர வேண்டும். அவன் வண்டிகள் மக்ரோனிப் பக்கம் ஓடட்டும், பாலாடைக்கட்டிப் பக்கம் ஒருவர் கையும் நீளக் கூடாது. மேசைக்குப் பின்னால் எனக்கு நாற்காலி போடுவேன் என்கிறான். போடட்டும், உட்காருவது என் இஷ்டம். நான் படியில் அழுதேன் என்று பெத்ரில்லோக் கிழவி தெருத் தெருவாகச் சொல்வதை நிறுத்த வேண்டும். லொரெத்தா உன் பெட்டியைக் கட்டித் தர வேண்டும். அவள் அழுதால் கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு இங்கே வரச் சொல். அந்தக் கடைமேசை பற்றிச் சொன்னதை நீ திரும்பப் பெற வேண்டும். வாயால் சொல்ல வேண்டியதில்லை. சனிக்கிழமை ரயிலில் ஏறினால் போதும்.

எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் ரயிலடிக்கு வருவேன். நுன்சியோவும் வருவான், ஒரே காரில். பெட்டியை அவன் தூக்குவான். மழை பெய்தால் குடை நான் பிடிப்பேன்.

கடவுள் உன்னைக் காக்கட்டும், வழியில் ஜன்னலோரம் உட்காராதே, குளிரும்.

உன் கணவன்,
தொனாத்தோ