கப்பல் தாண்டிவிட்டது

என் கூட்டாளிக்கு,

முதலில் இதை வாசி. கப்பல் தாண்டிவிட்டது! நம் பிள்ளைகள் இரண்டு பேரும் பத்திரமாக இருக்கிறார்கள்!

இன்று காலை பண்டாரவளைக் கடையைத் திறந்த கையோடு என் மபாஸ் கோல் எடுத்தான். "உம்மா, ஹோர்முஸ் நீரிணையைத் தாண்டிட்டோம்! வெளிக்கடலுக்கு வந்துட்டோம்!" என்று கத்தினான். அந்தக் கடல்வழி யாருக்கென்று நாடுகள் அடித்துக்கொண்டதில், ஏவுகணைக்குப் பயந்து எத்தனை வாரம் நங்கூரம் போட்டுக் கிடந்தார்கள்! ஒரு கப்பல் எண்ணெய்க்கு மேலேயே அல்லவா படுத்து எழும்பினார்கள்! கையிலிருந்த புடவைக் கட்டைப் போட்டுவிட்டு அழுதேன், சிரித்தேன். துணி வாங்க வந்தவள் பயந்தே போனாள்.

உன் லோகேசும் பேசினான். "அம்மா போனுக்கு லைன் போகலீங்க. கெட்ட சேதி வந்துடும்னு பயந்து ஆஃப் பண்ணி வச்சிருக்கும். நீங்களே சொல்லிடுங்க" என்றான். குரல் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் இளைத்துவிட்டானாம். ஆனால் சிரித்துக்கொண்டேதான் பேசினான்.

அவனைக் கப்பல் வேலைக்கு என் மகன் கூட்டிப்போனதைப் பற்றி இதில் எழுதப் போவதில்லை. அதற்காக நீ கடைக்கு வந்து சொன்னதையும் எழுதப் போவதில்லை.

பூனாகலை பஸ் ஹோர்ன் அடிக்கிறது. கண்டக்டர் உங்கள் தேயிலைத் தோட்டத்துக்காரர். கடிதத்தை உன் லயத்து வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாகச் சொன்னார்.

போனை ஓன் பண்ணி வை. மாலையில் லோகேஸ் மறுபடியும் எடுப்பான். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, உன் மகனோடு பேசு.

இப்படிக்கு,
பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்தவள்