கிருஷ்ணகிரிக்கு வந்த ரயில்

ஞாயிறு, இரவு.

தூக்கம் வரவில்லை. என்னைப் போலவே மாடல் ரயில் கட்டும் நண்பர் அருளப்பன் இறந்த பிறகு இன்றுதான் முதல்முறையாகக் கிருஷ்ணகிரியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஸ்டெல்லா மாடல் ரயில் இருக்கும் அறையைத் திறந்தார். இத்தனை நாளாகத் தனியாக உள்ளே போக மனம் வரவில்லையாம்.

"ஒருவாட்டி ஓட்டிக் காட்டுங்கண்ணா."

நான் என் வீட்டில் ஓசூர் ஸ்டேஷனைச் சிறிய மாடலாக அச்சு அசலாகச் செய்து வைத்திருப்பவன். அருளப்பனோ ரயிலே வராத தன் ஊருக்கு ஒரு ஸ்டேஷன் கட்டினார், டீக்கடை உட்பட. வண்டி அங்கே வந்து நிற்கும், சற்று நேரத்தில் தானாகவே கிளம்பும்.

இன்று நின்றது, கிளம்பவில்லை. ஏதோ வயர் கழன்றிருக்கும். ஸ்க்ரூடிரைவரைத் தேடினேன்.

"விடுங்கண்ணா. நம்மூருக்கு ரயில் வரணும்னுதான அவரு இதையே கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. வந்துருச்சில்ல, நிக்கட்டும்."

விட்டுவிட்டேன். ஐந்து நிமிட வேலை. கை இன்னும் பரபரக்கிறது.

அது போகட்டும். கிளம்பும்போது சுவிட்சை அணைத்தேனா? நினைவில்லை. அணைக்காவிட்டால் ரயிலுக்குக் கரண்ட் தரும் டிரான்ஸ்பார்மர் சூடாகிக்கொண்டே இருக்கும். போன் செய்து கேட்கலாம்.

கேட்டால், இந்நேரத்தில் ஸ்டெல்லா தனியாக அந்த அறைக்குள் போய் விளக்கைப் போட வேண்டும்.