கேமராவுக்குக் கட்டுப் போட்ட கதை

இராஜபாளையம்,
24-4-88.

அன்பு மகன் காமராஜுக்கு அம்மா பரிபூரணம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் வெயிலைத் தவிர வேறு குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, வெளியே போனால் தலையில் துணி போட்டு, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். எப்போதும் உனக்கு எழுதுவது அப்பாதான். இந்தத் தடவை, ஏட்டி நீயே எழுதிரு, எனக்குக் கை ஓடலை என்று பேனாவை என் பக்கம் தள்ளிவிட்டு, பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் என்று போகப்போகத் தெரியும். பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. உன் கேமராவுக்கும் ஒன்றுமில்லை.

நீ கொடுத்துவிட்ட கேமராவை, லீவில் வந்திருக்கிற உன் சிநேகிதன் சமுத்திரம், ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து கையில் கொடுத்து, பிலிம் எப்படி மாட்டுவது, எங்கே அமுக்குவது என்று அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டும் போனான். நல்ல பிள்ளை, எம்புட்டுச் சொல்லியும் இரண்டு தோசைக்கு மேல் வேண்டாம் என்றுவிட்டான். போன வருஷம் ஒரு ஸ்டுடியோ படத்தைப் பார்த்து நீ சரி என்று எழுதி, பொறவு அது பெண்ணுடைய அக்காள் படம் என்று தெரிந்து நாம் பட்ட பாடு எனக்கும் மறக்கவில்லை. அதனால்தான் நீங்களே போய்ப் பெண்ணை வெளிச்சத்தில் நிறுத்திப் படம் எடுத்து அனுப்புங்கள், படத்தைப் பார்க்காமல் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். அது நியாயம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கேமராவோடு ஒரு கடிதம் வைத்திருந்தாயே, காரில் போகும்போது அதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது என்று, வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. டிக்கியில் போடாதீர்கள் குலுங்கும், சீட்டில் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிட்டு டீ குடிக்க இறங்காதீர்கள் களவு போகும், தூசி ஆகாது, வெயிலில் நிற்கிற காரில் பிலிமை வைத்தால் கலர் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தாய். அப்பா அதைக் காலையும் மாலையும் கந்த சஷ்டி கவசம் மாதிரி வாசித்துக்கொண்டிருந்தார்.

அவரைத்தான் உனக்குத் தெரியுமே. வாலிபத்திலிருந்து தலை நரைக்கும் வரை பேண்டேஜ் ஆலையில் வேலை பார்த்த மனுஷன். உலகத்தில் அடிபடக்கூடிய எதற்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். வியாழக்கிழமை சாயங்காலம் பாயை விரித்து உட்கார்ந்து, முதலில் ஆஸ்பத்திரிப் பஞ்சு, அதன்மேல் காஜ் துணி, அதன்மேல் ஒரு பேண்டேஜ் ரோல் முடிய இன்னொரு ரோல் என்று சுற்றிச் சுற்றி, கேமரா ஒரு பூசணிக்காய் அளவுக்கு ஊதிவிட்டது. நுனி எது என்று தெரியாதபடி உள்ளே செருகி முடிச்சும் போட்டார். சமையல்கட்டிலிருந்து பார்த்த எனக்கு, யாருக்கோ பிரசவம் பார்த்துத் துணி சுற்றி வைத்த மாதிரி இருந்தது. பிலிமைத் தனியாக ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, தண்ணிப் பானைக்கு அடியில் இருக்கிற ஈர மணலில் புதைத்தார். இங்கேதான் குளுகுளுன்னு கெடக்கும், கெளம்பும்போது கடைசியா எடுத்துக்கிடுவேன் என்றார். நானும் தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் நம் தெரு ஐயாதுரையின் அம்பாசிடரில் கிளம்பினோம். பெண் வீடு வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. பெண்ணின் அப்பா பேர் வைகுண்டராஜ், கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருக்கிறது, பெண் அழகுத்தாய் டீச்சர் டிரெயினிங் முடித்திருக்கிறாள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பெண் பார்த்துப் படமும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரே பறப்பு. அப்பா முன் சீட்டில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். தூசி வரும் என்று நாலு கண்ணாடியையும் ஏற்றச் சொல்லிவிட்டார். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய அம்பாசிடரில் நீ உட்கார்ந்து பார்க்க வேண்டும், இட்லிக் கொப்பரையே தேவலை. பள்ளம் வந்தால் ஏலே மெதுவா, மெதுவா என்று கத்தல். ஐயாதுரை பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, மாசமா இருக்கிற பொம்பளைய ஏத்திக்கிட்டுக்கூட இதைவிட வெரசாப் போயிருக்கேன் என்றான். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிடாமல் நல்ல காரியத்துக்குப் போவதாவது என்று நான் இறங்கினேன். காரில் வைக்கக் கூடாது, கோயில் கூட்டத்துக்குள்ளும் கொண்டுவர மாட்டேன் என்று அப்பா வெளியே நிழலில் அதை அணைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நான் தீர்த்தம் வாங்கித் திரும்பி வந்தால் பொட்டலத்தின்மேல் ஒரு முழம் மல்லிகைப்பூ செருகியிருக்கிறது. என்னவென்றால், பூக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு, அய்யோ பாவம், பச்சப்புள்ளைக்கு என்ன ஆச்சு, தாயாரு காப்பாத்துவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வைத்துவிட்டுப் போனாளாம். ஏன் வாயைத் திறந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேமரான்னு சொன்னா களவாணிப்பய காதுல விழுந்துராதா என்கிறார். காருக்குள் ஏறிச் சிரித்தவள் கிருஷ்ணன்கோவில் தாண்டும் வரை நிறுத்தவில்லை.

பெண் வீட்டில் நல்ல மரியாதை. கேசரி, மிக்சர், காப்பி எல்லாம் வந்தது. பெண்ணும் வந்து கும்பிட்டுவிட்டு நின்றாள். படம் எடுத்துரலாம் என்று அப்பா கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். நுனி கிடைக்கவில்லை. கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள், கேமராவுக்குப் பக்கத்தில் இரும்பே வரக் கூடாது என்றுவிட்டார். கடைசியில் பல்லால் முடிச்சை அவிழ்த்துப் பிரித்தார் பிரித்தார், துணி வந்துகொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் வைகுண்டராஜ் பிடிக்க, ஒரு பக்கம் ஐயாதுரை பிடிக்க, பட்டாசல் கூடம் முழுக்க வெள்ளைத் துணி. தலை குனிந்து நின்ற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அவள் அம்மா ஒரு முறை முறைத்தாள். பெண் அதற்கெல்லாம் அசரவில்லை, கீழே உட்கார்ந்து, குடுங்க மாமா, அழுக்காயிரும் என்று துணியை வாங்கிச் சுருட்ட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அப்போதே மனசு நிறைந்துவிட்டது. நல்ல மாநிறம், பளிச்சென்று பல்வரிசை, நிறுத்த முடியாத சிரிப்பு. கேமரா ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. அப்பா என்னைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். பிலிம் எங்கே என்று கேட்டேன். அவ்வளவுதான், அவர் முகம் செத்துவிட்டது. பிலிம் தண்ணிப் பானைக்கு அடியில் குளுகுளுவென்று கிடக்கிறது. தாலியை வீட்டில் வைத்துவிட்டு மணவறையில் உட்கார்ந்த கதையாகிவிட்டது.

சிரிக்காதே, அந்த நேரம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வத்திராயிருப்புக்குப் போய் வாங்கி வருகிறேன் என்றான் ஐயாதுரை, அவன் திரும்புவதற்குள் ராகுகாலம் பிறந்துவிடும். பெண்ணை நிறுத்திப் பார்த்துவிட்டுப் படம் எடுக்க இன்னொரு நாள் வருகிறோம் என்றால், பிடிக்கவில்லை, சாக்குச் சொல்கிறார்கள் என்றுதானே ஊர் பேசும்? வைகுண்டராஜ் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். படம் இல்லாவிட்டால் நீ வாய் திறக்க மாட்டாய். இப்படி ஒரு பிள்ளை கைநழுவிப் போகிறதே என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது அழகுத்தாய் சுருட்டுகிற துணியிலிருந்து நிமிராமலே அவள் அப்பாவிடம் சொன்னாள், இதுக்குப் போயி ஏன்ப்பா இம்புட்டுக் கவலை, படம் வேணுங்கிறவிய நேர்ல வந்து எடுத்துக்கிடட்டும், அதுவரைக்கும் கேமரா இங்கனயே இருக்கட்டும், மறுபடி கார்ல கொண்டுபோனா மாமா பாவம், திரும்ப முதல்ல இருந்து கட்டுப் போடணும் என்று. பொறவு வைகுண்டராஜ்தான் முதலில் சிரித்தார். எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது, கேமராவிலிருந்து கழன்று என் மடியில் கிடந்த அந்த மல்லிகைப்பூவை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டேன். பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், அங்கே இருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

ஆமாம் ராசா, உன்னைக் கேட்காமல்தான் வைத்தேன். கோபம் வந்தால் படு, ஆனால் இங்கே வந்து படு. போன தீபாவளிக்கு நீ வரவில்லை, டேப்ரிக்கார்டர் வந்தது. பொங்கலுக்கு நீ வரவில்லை, சேலையும் செண்டும் வந்தது. இப்போது கேமரா வந்திருக்கிறது. சாமான் எல்லாம் பத்திரமாக வந்து சேருகிறது, என் பிள்ளைதான் வந்து சேரக் காணோம். உன்னைப் பார்க்காமல் என் கண் பூத்துவிட்டது காமராஜ். ஆவணிக்குள் லீவு கேள். வந்து பார்த்து உன் மனசுக்குப் பிடிக்கவில்லை என்றால் கேமராவை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடு, வைகுண்டராஜிடம் நான் போய்க் காலில் விழுந்துகொள்கிறேன், அந்தப் பாவம் என்னோடு போகட்டும். ஆனால் நீ கேமராவை மட்டும் தூக்கிக்கொண்டு வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, கேமரா வச்சிருக்கிற அவிய வீட்டு பீரோவுல பூச்சி உருண்டை போட்டிருக்காவளான்னு அவியளுக்கும் ஒரு கடுதாசி போடு என்கிறார். உனக்கு அவரிடம் கோபம் வேண்டாம், நீ சொன்ன ஒரு சொல்லைக்கூடத் தட்டாமல் இருக்கப் போய்த்தான் மனுஷன் கோட்டை விட்டார். நீ நோய்நொடியில்லாமல் நீண்ட நாள் நல்லா இருக்க வேண்டும், ஆண்டாள் தாயார் உனக்குத் துணை இருப்பாள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, வரும்போது பிலிம் நீயே வாங்கிக்கொண்டு வா. இங்கே இருந்த ரோலை நேற்று தோண்டி எடுத்தோம், டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

உன் வரவு பார்த்திருக்கும் அம்மா,
த. பரிபூரணம்.