பின்கண்ணாடியில் உன் பேர்

மயிலாப்பூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள அச்யுத்துக்கு,

அம்மா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி உடுத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் நாங்களும் இங்கே சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலிதான் குறையவில்லை. தரமணி ஆபீசுக்கு மறுபடி ரயிலில் போய்வருகிறார், ஸ்டேஷன் படிகளில் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிறார், கேட்டால் நடை உடம்புக்கு நல்லதுதானே என்கிறார். மெட்ரோ வேலையில் கிளம்பும் தூசியால் வாசல் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. மற்றபடி எல்லாம் நீ விட்டுப்போனபடியேதான்.

காலையில் போனில் நீ சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை. அங்கே உன் ஊரிலேயே இருக்கும் லக்ஷ்மி வேலை மாறி வேறு ஊர் போகிறாள், அவள் லீஸில் எடுத்த காரை மீதிக் காலத்துக்கு நீ எடுத்துக்கொள்கிறாய், சனிக்கிழமை சாவி வாங்கப் போகிறாய். லீஸ் கம்பெனியில் முறைப்படி உன் பேருக்கு மாற்றினால் கட்டணமும் அலைச்சலும், அதனால் அவள் பேரிலேயே இருக்கட்டும், மாதாமாதம் அவளுக்கு அனுப்பினால் போதும், லீஸ் முடிந்ததும் வண்டியை வாங்கி உன்னிடமே கொடுத்துவிடுவாள் என்றாளாம். மாமா பொண்ணுதானேம்மா, அவகிட்டப் போய் என்ன அக்ரிமெண்ட் என்று சிரித்தாய். அப்பா பக்கத்தில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். நீ அதைச் சொன்ன பிறகு அவர் பக்கத்தைத் திருப்பவே இல்லை. இந்த ஃப்ளாட்டில் எந்த மூலையில் பேசினாலும் அவர் காதில் விழும், அதனால் தாளில் எழுதிப் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் காரை விற்றுவிட்டோம் என்று உனக்குச் சொன்னோம். விற்பதற்கு அது நம்முடையதாக இருந்ததே இல்லை. அது வந்த கதை உனக்குத் தெரியும். ராகவன் மாமாவுக்கு அவர் ஆபீஸ் லீஸில் எடுத்துக் கொடுத்த வண்டி, பூனாவுக்கு மாற்றலானபோது நம்மிடம் விட்டார். சம்பளத்தில் பிடிக்கும் தொகையை நாம் அவருக்கு மாதாமாதம் அனுப்புவது, லீஸ் முடிந்ததும் ஆபீஸ் அவருக்குச் சகாய விலையில் கொடுக்கும், அதையும் நாம் கொடுத்தால் பேர் மாற்றித் தருவார், இதுதான் பேச்சு. இதை அப்பா ஒரு தாளில் டைப் செய்து கொண்டுவந்தார். உன் மாமா அதைத் தொடக்கூட இல்லை. என்ன மாப்ளே, தங்கை ஆத்துல பத்திரம் எழுதணுமா, அப்போ அடுத்த தடவை காபி குடிச்சா பில் போடுவேளா என்றார். எல்லோரும் சிரித்தோம், அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், துவைக்கும்போது கூழாக வந்தது. மறுநாளே புதுப்பேட்டைக்கு ஓட்டிப்போய்ப் பின்கண்ணாடியில் உன் பேரை எழுதிக்கொண்டு வந்தார். மாமி அதைப் பார்த்துவிட்டு, ஏன், எங்க லக்ஷ்மி பேரெல்லாம் போடப்படாதா என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

லீஸ் முடிந்தது. தி. நகரில் ஒரு கல்யாணத்துக்கு வந்த மாமா நம் வீட்டில்தான் தங்கினார். பேர் மாத்த வண்டியைக் காட்டணும், சாவியைக் கொடுங்கோ என்றார். அன்று சாயங்காலம் முழங்கால் வலியோடு அப்பா அதைத் துடைத்துத் துடைத்து வைத்தார், பெட்ரோல்கூட நிரப்பினார். மறுநாள் காலையில் அதை எடுத்துப்போன மாமா மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார், கையில் ஸ்வீட் டப்பா. அடையார்ல ஒருத்தருக்குக் கொடுத்துட்டேன், நல்ல விலை வந்தது என்றார். நமக்குன்னுதானே பேசினோம் என்று அப்பா கேட்டார், அவ்வளவுதான் கேட்டார். அதற்கு உன் மாமா, மாசாமாசம் கொடுத்தது ஓட்டினதுக்குத்தானே மாப்ளே, டாக்ஸிக்குக் காசு கொடுத்தா டாக்ஸி உங்களுதாயிடுமா என்றார். அப்பா ஸ்வீட் டப்பாவை வாங்கி மேஜைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, நீரஜா, உங்கண்ணாவுக்குக் காபி கொடு என்றார். கொடுத்தேன். இரண்டாம் டிகாக்‌ஷனில் கலந்து கொடுத்தேன். கூடப் பிறந்தவனிடம் நான் காட்ட முடிந்த கோபம் அவ்வளவுதான், அதுவும் அவருக்குத் தெரியவில்லை, நன்னாருக்கு நீரு என்று குடித்துவிட்டுப் போனார்.

போன மாதம் அப்பாவை முழங்கால் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு அடையாறு போனேன். சிக்னலில் எங்கள் ஆட்டோவுக்கு முன்னால் அந்த வண்டி நின்றது. உன் பேர் அப்படியே இருந்தது, வாங்கியவர் அழிக்கவில்லை. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நன்னாத்தான் வெச்சுண்டிருக்கார் என்றார். அச்யுத், எனக்கு உன் மாமாமேல் இருக்கும் கசப்பைவிட இந்த நல்ல வார்த்தையின்மேல் இருக்கும் கசப்பு அதிகம்.

லக்ஷ்மி கெட்ட பெண் என்று நான் சொல்லவில்லை, என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவள். அவள் அப்பாவையும் நல்லவர் என்றுதான் ஊரில் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். உறவுக்குள் எழுத்து கேட்டால் அவமானம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள், அந்த அவமானம் எப்போதும் கேட்பவனுக்குத்தான். கம்பெனி ஒப்புக்கொண்டு லீஸ் உன் பேருக்கு மாறாமல் சாவியைத் தொடாதே. அவளுக்கு முகம் சுருங்கினால், உன் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள் என்று பழியை என்மேல் போடு. மாற்ற முடியாது என்றால் பஸ்ஸில் போ, யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

சளி பிடித்தால் மிளகு ரசம் வைத்துக்கொள், பொடி இன்னும் இருக்குமே. நரசிம்மர் உனக்குத் துணையிருக்கட்டும், படிப்பும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். நான் எழுதியதை அப்பாவிடம் சொல்லாதே. அடுத்த ஞாயிறு, லக்ஷ்மி வண்டி என்னாச்சுடா என்று அவரே பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்பார். என் பேர்ல மாத்தியாச்சுப்பா என்றோ, வேண்டாம்னுட்டேன் என்றோ நீ சொல்ல வேண்டும். அவர் பக்கத்தைத் திருப்பும் சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

ஆசிகளுடன்,
அம்மா