தட்டுல பதிலப் போடு

ஆரத்தித் தட்டு பக்கத்திலேயே இருக்கிறது. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீர் சிவப்பாய் நிற்கிறது. அந்த வாசனை என் கையை விட்டுப் போகவில்லை. மீன்கூடை தூக்குகிற கைக்கு மஞ்சள் வாசனை வந்தால் ஓட்டு வந்துவிட்டது என்று அர்த்தம் என்பாய். எனக்கு எழுத்து சரியாக வராது. ஆனாலும் இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

ராக்கெட் விடுகிற நாளுக்கு முன்னால் நம் முகத்துவாரக்குப்பத்துக்கு ஜீப் வருமே, நினைவிருக்கிறதா? வடக்கே யாரும் படகு எடுக்கக் கூடாது என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகும். மறுநாள் ராக்கெட் புகை விட்டுக்கொண்டு மேலே போகும்போது கரையில் பிள்ளைகள் கை தட்டும். நான் தட்டமாட்டேன். நம்மைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அனுப்புகிற சாமான் நமக்கா நல்லது செய்யப்போகிறது? உன் வீட்டுக்காரர் புயலில் போன பிறகு நீயும் தட்டவில்லை. மேலே சுற்றுகிற சாட்டிலைட் அந்தப் புயலை முன்னாலேயே பார்த்துவிட்டதாம். அவர் போன பிறகு ரேடியோவில் சொன்னார்கள். புயலுக்கு ஜீப் வரவில்லை.

அதற்கு அடுத்து டெல்லிக்கு ஓட்டு வந்தது. வேட்பாளர் நம் தெருவில் இறங்கினார். ஆரத்தி சுற்றும்போது பாதியில் நகர்ந்தால் ஆகாது என்று அவருக்குத் தெரியும். நீ மூன்று சுற்றோடு நிறுத்தவில்லை. சுற்றிக்கொண்டே கேட்டாய்.

“ராக்கெட்டுக்கு டெல்லில துட்டு ஒதுக்குறாங்களே, நீ போனா இன்னும் குடுன்னுவியா, போதும்னுவியா?”

அவர் சிரித்தார். “இன்னாம்மா இது? தண்ணிக் கொழா கேளு, போட்டுத் தர்றேன்.”

“கொழா கேக்குறவங்க பின்னால நிக்கிறாங்க. நான் இத்த கேக்குறேன்.”

“அதெல்லாம் டெல்லி சமாச்சாரம்மா.”

“நீ எங்க போறதுக்கு ஓட்டு கேக்குற, டெல்லிக்கா, இங்க கீற யானைக்கவுனிக்கா?”

தெருவே சிரித்தது. அவர் நோட்டு போட வந்ததும் தட்டை இழுத்துக்கொண்டாய். “துட்டு வேணாம் நைனா. தட்டுல பதிலப் போடு.”

“எவனோ ஏவி வுட்டுக்கிறான் தலைவரே” என்றான் கூட வந்தவன். வேறு வழியில்லாமல் அவர் மைக்கை வாங்கினார். “ராக்கெட்டுக்கும் கேக்குறேன். அது பாத்த சேதி உங்க குப்பத்துக்கு வரணும்னும் கேக்குறேன். போதுமாம்மா?” அப்புறம்தான் பொட்டு வைத்தாய்.

யாரோ ஏவிவிட்டிருப்பார்கள் என்று எனக்கும் தோன்றியது. கூடை கழுவும்போது கேட்டேன். “யாருடி உனக்கு இத்தெல்லாம் சொல்லிக் குடுத்தது?”

“அந்த ஜீப்புதான். ராக்கெட்டுக்கு வந்து சொல்றாங்கல்ல? அப்போ வழி கீது, மனசுதான் இல்ல.”

“அப்போ ராக்கெட்டே வேணாம்னு சொல்லேன்.”

“வேணும்டி. அது பாக்கட்டும். பாத்தத நம்மகிட்ட சொல்லட்டும்.”

அவர் ஜெயித்துப் போனார். அங்கே வாய் திறந்தாரோ இல்லையோ, நான் நம்பவில்லை. “அடுத்த தபா வரட்டும், வுடமாட்டேன்” என்றாய். டெல்லியில் ஆட்சி நிலைக்காமல் அடுத்த தபா சீக்கிரமே வந்தது. அதற்குள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது என் பையனும் கடலுக்குப் போகிறான். அவன் இறங்குகிற ஒவ்வொரு நாளும் வானத்தைத்தான் பார்க்கிறேன். மேலே இருந்து அவனைப் பார்க்கிற ஒன்று சும்மா இருந்துவிடுமோ என்று.

இன்று அதே மனிதர் வந்தார். தட்டுகளைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, “நேரமாச்சு, ஆரத்தி வேணாம்மா” என்றார். வண்டி நிற்கவில்லை. நான் தட்டோடு முன்னால் போய் நின்றேன். ஆரத்தித் தட்டு மேல் யார் வண்டியை ஏற்றுவார்கள்? சுற்ற ஆரம்பித்தேன்.

“ராக்கெட் பத்தி டெல்லில கேட்டியா நைனா?”

முகம் மாறிவிட்டது. “அந்தம்மா எங்க?” என்றார்.

“அவ கேட்டத நான் கேக்குறேன்.”

“கேட்டேம்மா, கேட்டேன்.”

இரண்டு தரம் சொன்னதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“அப்போ நீ ஜெயிச்சப்புறம் வந்த புயலுக்கும் ஏன் ஜீப்பு வரல?”

அவர் சட்டைப்பையில் கை விட்டார். கற்பூரம் அணைந்தது. நான் விலகினேன், ஆனால் பொட்டு வைக்கவில்லை. வெறும் நெற்றியோடு போனார்.

தெருவில் ஊற்ற வேண்டிய தண்ணீரை வீட்டுக்குள் எடுத்து வந்துவிட்டேன். “கொட்டும்மா, வூட்டுல வெக்கக் கூடாது” என்கிறான் பையன். புயலுக்கு ஜீப் வருகிற அன்றைக்குக் கொட்டுகிறேன். நீ ஆரம்பித்த ஆரத்தி இன்னும் முடியவில்லை.