ஹேண்ட்பிரேக் வேலை

ஐப்பசி 10, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளியாயிற்று. முன்சக்கரத்துக்கு இரண்டு கல். ஹேண்ட்பிரேக்கை இன்றாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை. லீவரை முழுக்க இழுத்தாலும் மேட்டில் நிற்காது. அதனால்தான் முன் சீட்டுக்குக் கீழே எப்போதும் ஒரு கருங்கல். மேட்டில் நிறுத்தினால் நான் கால் பிரேக்கை மிதித்துக்கொண்டிருப்பேன். இபு இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். அவன் "ம்" என்று சொன்ன பிறகுதான் நான் காலை எடுப்பது. தொண்டியில் இந்த டாக்ஸியை நானும் இபுராகிமும் சேர்ந்து ஓட்டத் தொடங்கியதிலிருந்து இதுதான் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை திருவாடானைக்குச் சவாரி. சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போகிற ஒரு கிழவர், அவர் சம்சாரம். கண்மாய்க்கரை ஏற்றத்தில் கிழவர் ஒண்ணுக்குப் போகணும் என்றார். நிறுத்தினேன். இபு கல்லோடு பின்னால் போனான். வண்டி பின்னால் உருண்டு அவனைக் கரையோரப் புளியமரத்தோடு சேர்த்து நெரித்துவிட்டது. இடுப்பு எலும்பு. இடது தொடை.

அதே வண்டியில்தான் ராமநாதபுரம் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனேன். கிழவர் மடியில் அவன் தலை. வழியெல்லாம் அவன் சத்தமே போடவில்லை.

ஹேண்ட்பிரேக் விட்டுவிட்டது. அவ்வளவுதான்.

மாலை: மழை வலுத்துவிட்டது. ஜாக்கி மண்ணில் புதைகிறது. பலகை தேட வேண்டும். இன்று ஒன்றும் நடக்கவில்லை.

ஐப்பசி 11, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஜாக்கிக்கு அடியில் பழைய படகுப் பலகை. பின்சக்கரம் இரண்டும் கழற்றியாயிற்று. இடது பிரேக் டிரம் லேசில் வரவில்லை, மரச்சுத்தியால் சுற்றித் தட்டித் தட்டி எடுத்தேன்.

பார்த்தது:
வலது பக்கம் லைனிங் தேய்ந்து ரிவிட் தலை தெரிகிறது.
இடது பக்கம் அச்சிலிருந்து ஆயில் ஒழுகி லைனிங் முழுக்க ஊறிப்போயிருக்கிறது. கையை வைத்தால் வழுக்குகிறது.
இடது கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. உப்புக்காற்று. லீவரை இழுத்தால் அந்தப் பக்கம் அசைவே இல்லை.

அதாவது இவ்வளவு நாளும் ஒரு சக்கரம்தான் பிடித்திருக்கிறது. அதுவும் அரைகுறை.

என் சம்சாரம் செல்லம்மா காப்பி கொண்டுவந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "இதுக்கு எத்தன நாளு வேலை?" என்றாள். சாமான் இருந்தால் ஒரு நாள் என்றேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஐப்பசி 12, வியாழன்

பஸ்ஸில் ராமநாதபுரம். இபுவுக்குக் காய்ச்சல். உதடு வெடித்திருக்கிறது. மைமூன் தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் "வாங்கண்ணே" என்று எழுந்து வெளியே போய் நின்றாள். புருஷனும் பெண்சாதியும் ஏதோ பேசிக்கொண்டிருந்ததை நான் கலைத்துவிட்டேன் போல.

இபு சொன்னது: "ஏட்டு வந்தாரு. கால் வழுக்கி நானே போயி மாட்டிக்கிட்டேன்னு எழுதச் சொல்லிட்டேன். நீயும் அதையே சொல்லு. வண்டியப் புடிச்சுக் கொண்டுபோயிட்டா ரெண்டு குடும்பமும் என்ன செய்யும்."

சரி என்றேன்.

"பிரேக்கப் பிரிச்சுட்டியா?"

"பிரிச்சுட்டேன். இடது கேபிளு செத்துக் கெடக்கு."

"ம்."

பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். இரண்டு சுளை தின்றான்.

திரும்பும்போது சவரிமுத்து மெக்கானிக்கைப் பார்த்தேன். புது லைனிங் அவரிடம் இருக்கிறது. கேபிளும் ஒழுகலை அடைக்கும் ஆயில் சீலும் மதுரையிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமை பஸ்ஸில் தொண்டிக்கே வந்து மாட்டித் தருகிறேன் என்றார்.

ஐப்பசி 14, சனி

வாடைக்காற்று. கடல் கலங்கிக் கிடக்கிறது, படகு போகவில்லை.

சவரிமுத்து பதினோரு மணிக்கு வந்தார். லைனிங்கை நாலு ரிவிட் அடித்துப் பொருத்தினார். கேபிளை அளந்து பார்த்தார், சரியாக இருந்தது. ஆயில் சீல் ஒரு நூல் பெரிசு, திருப்பி அனுப்ப வேண்டும். அதனால் வேலை பாதியில்.

கை கழுவும்போது சாதாரணமாகத்தான் கேட்டார். "கால் பிரேக்கு நல்லாத்தானய்யா புடிக்குது? காலு பெடல் மேல இருந்தா வண்டி எப்படி உருளும்?"

மழையில் செருப்பு வழுக்கிவிட்டது என்றேன்.

அன்று மழையே இல்லை. அவருக்கு அது தெரியாது.

செவ்வாய்க்கிழமை எழுதியது முழு உண்மை இல்லை. கிழவருக்குப் பின்கதவு திறக்கவில்லை. அந்தக் கைப்பிடி உள்ளேயிருந்து இறுகும். "அவசரம் தம்பி" என்றார். நான் திரும்பி, சீட்டுக்கு மேலே எட்டி, கதவைத் திறந்துவிட்டேன். எட்டும்போது கால் எழும்பிவிட்டது. இபு "ம்" சொல்லவில்லை. அவன் குனிந்திருந்தான்.

எஞ்சினை அணைத்துக் கியரில் போட்டிருக்கலாம். மறுபடி ஸ்டார்ட் பண்ண முன்னால் கம்பி போட்டுச் சுற்ற வேண்டுமே என்று அணைக்கவில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. செல்லம்மாவிடமும்.

ஐப்பசி 16, திங்கள்

காலை எட்டரை மணிக்குத் தந்தி. இபு இறந்துவிட்டான். உள்ளே சீழ் பிடித்துவிட்டதாம்.

வண்டி ஜாக்கியில் நிற்கிறது. அவனைக் கூட்டிவரக்கூட என்னிடம் வண்டி இல்லை. யாரோ மீன் லாரியில் கொண்டுவந்தார்கள். அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். சந்தூக்குப் பெட்டிக்கு என்னையும் தோள் கொடுக்கச் சொன்னார்கள். பள்ளிவாசல் வரைக்கும் கொடுத்தேன். கனமே இல்லை.

அவன் மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்கள விட்டா அவனுக்கு யாரு இருந்தா முத்தையா. கூடப் பொறந்தவன் மாதிரி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனீகளே."

கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

ஐப்பசி 20, வெள்ளி

சரியான சீல் வந்தது. நானே மாட்டினேன். டிரம் ஏற்றி, சக்கரத்தைச் சுற்றவிட்டு, உரசும் வரை முறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி. இரண்டு பக்கமும் ஒன்றுபோல. கேபிள் நட்டை இறுக்கினேன். முன்பு லீவர் தோள் உயரம் வரை வரும். இப்போது ஐந்தாவது பல்லில் நிற்கிறது.

மூன்று மணிக்குத் தனியாகக் கண்மாய்க்கரைக்கு ஓட்டிப் போனேன். அதே ஏற்றம். ஹேண்ட்பிரேக் போட்டேன். எஞ்சினை அணைத்தேன், கியரை எடுத்தேன், காலை எடுத்தேன். வண்டி அசையவில்லை. இறங்கிப் பின்னால் போய் நின்றேன். புளியமரத்துப் பட்டை ஓரிடத்தில் உரிந்து வெள்ளையாக இருந்தது.



ஐப்பசி 29, ஞாயிறு

சவாரி இரண்டு. பக்கத்து சீட் காலி. டீக்கடையில் ஒருவர்: "வண்டி இப்ப நல்லா நிக்குதாமே." ஆமாம் என்றேன். செல்லம்மா வண்டியை விற்றுவிடலாம் என்கிறாள். தூக்கத்தில் வலது கால் தானாக மிதிக்கிறதாம், அவள்தான் சொன்னாள்.

கார்த்திகை 25, வெள்ளி

வெயில். இபுவுக்கு நாற்பதாம் நாள் ஃபாத்திஹா. போனேன். ஓதி முடித்து நார்சா இனிப்புக் கொடுத்தார்கள். ஆட்கள் கலைந்த பிறகு, மைமூனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அவள் அத்தாவிடம், இபுவின் மாமனாரிடம், கேட்டேன். புருஷன் போன துக்கத்துக்கு இத்தாவில் இருக்கிறாள், முகம் பார்க்கக் கூடாது. கதவுத்திரைக்கு இந்தப் பக்கம் என்னை உட்காரச் சொல்லிவிட்டு அவர் முற்றத்துக்குப் போனார்.

சொல்லிவிட்டேன். கிழவர், கதவு, கால். எல்லாம். தலை குனிந்தபடிதான் சொன்னேன், திரைதான் இருந்தது என்றாலும்.

அழுகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"தெரியும்" என்றாள். "அவுக ஆசுபத்திரியிலயே சொன்னாக. முத்து காலெடுத்துட்டான், நீ கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக. அவனா வந்து தங்கிட்டச் சொல்லுவான்னாக. நீங்க ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துட்டுப் போன அன்னைக்குப் பொழுதடைய வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாக."

மறுபடி அவள்தான் பேசினாள்.

"அதுக்குப் பெறகும் நாலு நாள் உசுரோட இருந்தாக."

திரை அசைந்தது. எழுந்துவிட்டாள் போல.

"அந்த வண்டிய இந்தத் தெருவுக்குள்ள கொண்டாராதீக. சத்தம் கேக்குது."

கார்த்திகை 27, ஞாயிறு

மழை இல்லை. தேவிபட்டினம் சவாரி, மூன்று பேர். பள்ளிவாசல் தெரு வேண்டாமென்று கடற்கரைப் பக்கமாகச் சுற்றிப் போனேன். பின்னாலிருந்து ஒருவர், "இது சுத்துப் பாதையாச்சே" என்றார்.